இரவல் போன கணக்கு வாத்தியார்

கல்விக்காக உயிரையே விடுவேன் என்கிற ஒரு ரகத்தார் உண்டு. பார்த்ததில்லையா? ஒலிபெருக்கி கட்டியிருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள், நிச்சயம் அகப்படுவார்.

எங்கள் வட்டாரக் கல்வி அதிகாரி அந்த ரகத்தில் தலைசிறந்தவர். ஊரில் அவருக்குக் 'கருத்தரங்கத்தார்' என்றே பெயர். 'வளரும் நாடுகளில் மனித மேம்பாட்டில் கல்வியின் பங்கு' என்ற ஒரே பேச்சை நூலகத்திலும் கண் சிகிச்சை முகாமிலும் மேம்பாலத் திறப்பு விழாவிலும், போதாக்குறைக்கு மைத்துனரின் கல்யாண வரவேற்பிலும் பேசித் தீர்த்தவர். "கல்விதான் விளக்கு!" என்று கையைத் தூக்கினால் கைதட்டல் வரும்வரை இறக்கமாட்டார். கை வலிக்காதா? வலிக்கும். நாட்டுக்காகப் பொறுத்துக்கொள்வார்.

இந்த முறை அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை. அதற்குப் படங்களும் வரைபடங்களும் தயாரிக்க ஒரு பள்ளியின் ஒரே கணக்கு வாத்தியாரை "ரெண்டு நாள்ல அனுப்பிடறேன்" என்று அழைத்துப் போனார். மாதங்கள் ஓடின. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. கணக்குப் பாடவேளையில் விளையாட்டு ஆசிரியர் வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார்.

தலைமையாசிரியைக்குப் பொறுக்கவில்லை. வாத்தியாரைக் கையோடு கூட்டிவராமல் திரும்புவதில்லை என்று பஸ் ஏறினார். கேட்கவேண்டியதையெல்லாம் வழிநெடுக முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போய், அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், பசங்களுக்கு இன்னும் முக்கோணமே ஆரம்பிக்கல. எங்க வாத்தியாரை விட்டுடுங்க."

"அடடா! இதத்தானே மேடம் நானும் தொண்டை கிழியக் கத்துறேன்? வகுப்புல வாத்தியாரே இல்லன்னா நாடு எப்படி உருப்படும்?"

"சார், அவரு உங்க பக்கத்து ரூம்லதான் உக்காந்திருக்காரு."

உண்மைதான். வாத்தியார் அங்கே, ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்பு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். தம்முடைய பள்ளிக்கும் தீட்டியிருந்தார். கணக்கில் அவர் தப்பே செய்யமாட்டார்.

கருத்தரங்கத்தாருக்குக் கண் கலங்கியது. நடிப்பு என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே கலங்கியது. அதுதான் இந்த ரகத்தாரிடம் உள்ள ஆபத்து.

"இப்படி ஒரு குரலைத்தான் தேடிக்கிட்டிருந்தேன் மேடம். இந்த வேதனைய நீங்களே மேடையில சொல்லணும். மந்திரிக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு."

தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மந்திரிக்குப் பக்கத்திலா? 'என்ன பெரிய வேலை, பிள்ளை மேய்க்கிற வேலைதானே' என்று பல வருஷமாகக் குத்திக்காட்டும் நாத்தனாரின் முகம் கண்முன் வந்து நின்றது.

"அழைப்பிதழ்ல என் பேரு வருமா சார்?"

"பட்டத்தோட வரும்!"

வாத்தியாரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. தலைமையாசிரியை தனியாகவே பஸ் ஏறினார். மறுநாள் காலை, உரை எழுதித் தருவதற்காகத் தமிழாசிரியையையும் வகுப்பிலிருந்து வெளியே அழைத்தார். எழுத அமைதியான இடம் வேண்டாமா? பத்தாம் வகுப்பு அறையைக் காலிசெய்து, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினார்கள்.

கருத்தரங்கம் அமர்க்களம். 'வாத்தியார் இல்லாத பிள்ளைகளின் கண்ணீர்' என்று தலைமையாசிரியை பேசியபோது மந்திரியே கைக்குட்டையை எடுத்தார். நாத்தனார் முன்வரிசையில் இருந்தாள். தேர்வில் முக்கோணம்தான் வந்தது. பாதி வகுப்பு தேறவில்லை. அவர்களில் சிலர் அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கருத்தரங்கத்தாருக்கும் எரிந்தது, உடனே 'தேர்ச்சி குறைவதேன்?' என்று அடுத்த கருத்தரங்கத்துக்கு நாள் குறித்தார். தலைமை யார் என்று சொல்லவேண்டுமா? நம் தலைமையாசிரியைதான்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த நாட்டில் படிப்பு எப்படிச் சீரழிந்துவிட்டது என்று நீங்கள் நண்பரிடம் போனில் பொரிந்துதள்ளிக்கொண்டிருந்த அன்று, கணக்கில் சந்தேகம் கேட்டு வந்து நின்ற உங்கள் மகளிடம் என்ன சொன்னீர்கள்? "போம்மா அந்தப் பக்கம், முக்கியமான விஷயம் பேசிக்கிட்டிருக்கேன்ல" என்றுதானே?