கரண்ட் இல்லாத லயத்தில் ஓர் எலெக்ட்ரிக் கித்தார்

மலைநாட்டில் அட்டை கடிக்கும், குளிர் கடிக்கும். இந்த இரண்டுக்கும் தப்பியவர்களைக் கடிப்பதற்கென்றே ஓர் இனம் உண்டு. தொனிக்காரர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

கித்தார் வாசிப்பவரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாசிப்பவருக்கு விரல் நுனி தடித்திருக்கும். தொனிக்காரருக்கு நாக்கு.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்துக்கு மாதிரி, லொறி ஓட்டுகிற றோலண்ட் அண்ணன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சின்னத்துரை, ஒரு பழைய எலெக்ட்ரிக் கித்தாரையும் சின்ன அம்ப்ளிஃபையரையும் இவரிடம் விட்டுப் போனார். இவர் குடியிருக்கும் லயத்தில் அன்றைக்கும் கரண்ட் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால் என்ன? ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியைத் திறந்து, பழைய பனியனால் துடைத்து, போகிறவர் வருகிறவரை மடக்கி, நடுவில் தேன் நிறமாயிருந்து ஓரத்தில் கடுஞ்சாயமாய்க் கறுக்கிற அந்தப் பூச்சைக் காட்டி, குளிரில் அதில் மயிரிழையாய் ஓடிய வெடிப்புகளைத் தடவி, இது வெடிக்க வெடிக்கத்தான் மரம் வாய் திறக்கும் என்று விளக்கி, திறந்த வாய் எப்படிப் பாடும் என்பதைத் தன் வாயாலேயே பாடியும் காட்டுவார்.

"ஞொய்ய்ங்ங்... இது அறுபத்திரண்டாம் வருசத்துத் தொனி. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா."

"அதே வெடிப்பு நம்ம லயத்துச் செவுத்துலயும் இருக்கு," என்பார் மனைவி மரியநாயகி. "அது மட்டும் ஏன் பாட மாட்டேங்குது?"

மரியநாயகியின் தங்கை பவுலினுக்குக் கலியாணம் வந்தது. பவுலின் கேட்டது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளையோடு ஆட மச்சானுடைய கித்தாரில் ஒரு வால்ஸ். மாதா கோயில் மண்டபத்துக்குப் தேயிலைப் பெக்டரியிலிருந்து கரண்ட் இழுத்திருந்தார்கள். நாலு மணிக்குக் கொழுந்து வாட்டும் காத்தாடியைப் போட்டால் மண்டபத்துக்குக் கரண்ட் கிடையாது. தோட்டத்தில் இது தெரியாத ஆளில்லை.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் பிளக்கைச் செருகினார். ஒரு தந்தியைத் தட்டினார். முகம் கோணியது. அடிச்சத்தம் கனம் என்றார், திருகினார். மேல்சத்தம் குத்துது என்றார், திருகினார். அம்ப்ளிஃபையரை மூலைக்குத் தள்ளினார், தேயிலைப் பெட்டிமேல் ஏற்றினார், இறக்கினார். நைலெக்ஸ் சேலை சத்தத்தைக் குடிக்கிறது என்று முன்வரிசைப் பெண்களையெல்லாம் பின்னால் அனுப்பினார். மண்டபத்தின் நடுவே மாப்பிள்ளையின் தோளில் கைவைத்தபடி நின்றாள் பவுலின்.

"மச்சான், பாட்டு?"

"இரு புள்ள. தொனி இன்னும் எறங்கல."

"நாலாகப் போவுது."

"தொனியில்லாத பாட்டு, சம்பலில்லாத ரொட்டி மாதிரி."

"எங்களுக்கு வெறும் ரொட்டி போதும் மச்சான்."

கடைசியில் அண்ணன் கண்ணை மூடினார். "வந்திருச்சு," என்றார். கையை ஓங்கினார்.

பெக்டரியில் காத்தாடி ஓட ஆரம்பித்தது.

தந்தி, கொசு தும்மியது போல 'டிங்' என்றது. பவுலின் மாப்பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாசிப்பீங்களே மச்சான். அத வாசிங்க."

அண்ணன் கித்தாரைப் பார்த்தார். மரியநாயகியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஞொய்ங், ஞொய், ஞொய். ஞொய்ங், ஞொய், ஞொய். பொண்ணும் மாப்பிள்ளையும் சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் பின்வரிசை நைலெக்ஸ் சேலைகளும் சேர்ந்து பாடின.

முடிந்ததும் மாப்பிள்ளை வந்து கை நீட்டினார். அண்ணனோ தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேல்சத்தம் கொஞ்சம் தகரமா வந்திருச்சு, இல்ல?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நல்ல கவிதை வரட்டும் என்று மூடியே கழற்றாத பேனா ஒன்று உங்கள் மேசையில் இருக்குமே? நல்ல விருந்தாளிக்கென்று அலமாரியில் கவிழ்த்து வைத்த கோப்பைகள்? வாரத்துக்கொரு தடவை துடைத்துத்தானே வைக்கிறீர்கள்?

மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.