மஸ்கட்டுக்கு எந்த சிம்?

விசாரிப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தும்மல் வந்தால்கூட ஆறு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் தும்முவார். ஒரு குடை வாங்கப் போனால் நாலு கடை ஏறி, ஒவ்வொரு குடையையும் விரித்து, மடக்கி, கம்பியை எண்ணி, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “மூணாவது கடையில உள்ளது இதவிடக் கொள்ளாம்” என்று நாலாவது கடைக்காரனிடமே சொல்லிவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்கு வருவார். குடை வாங்கினாரா? எங்கே! இன்னும் ரெண்டு கடை பாக்கி இருக்கிறதே.

எங்கள் வலியசாலையில் இந்த ரகத்துக்குத் தலைவர் தாணு. சாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மூட்டைக்குள் கையை விட்டு, மேலே ஒன்று, நடுவிலே ஒன்று, அடியிலே ஒன்று எடுத்து, ஒடித்து, முகர்ந்து, கண்ணில் தண்ணீர் வந்தால்தான் விலை பேசுவார். மிளகாய்க்கு அது சரி. செல்போனை எப்படி முகர்ந்து பார்ப்பது?

கேமரா வைத்த செல்போன் வந்த புதிது. தாணுவின் மகளுக்கு மஸ்கட்டில் தலைப்பிரசவம். அவரும் மனைவி பார்வதியம்மாளும் போவதாக விசாவெல்லாம் ஆன பிறகு, அந்த அம்மாள் குளிமுறியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். தாணு மட்டும் போவதென்று தீர்மானம். பார்வதி அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பிள்ள பெறந்த அன்னைக்கே மொகத்த நான் பாத்துரணும். ஒங்களுக்கு இதொண்ணு செய்ய ஒக்குமா?”

“ஒக்குமாவா? விசாரிச்சிட்டுச் சொல்லுகேன்” என்றார் தாணு.

முடிந்தது கதை. அன்றிலிருந்து ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, நம்ம ஊர் சிம்மையே ரோமிங்கில் கொண்டுபோவதா, அந்த ஊரில் இறங்கியதும் புது சிம் வாங்குவதா, நெட் பேக் இங்கேயே போட்டுக்கொள்வதா அங்கே போய்ப் போடுவதா, ஒரு படம் அனுப்பினால் எவ்வளவு பிடிப்பான், படம் பாதியில் நின்றால் பாதிக் காசு திரும்பக் கிடைக்குமா என்று கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். பஹ்ரைனிலிருந்து லீவில் வந்த ஸ்ரீனிவாசன் இவரைத் தெருமுனையில் கண்டால் சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் கேட்டாரே, அது உங்களுக்குத் தெரியுமா? வாயில் பஞ்சோடு கேட்டார்.

பாதி மலையாளத்தில் பேசும் செல்போன் கடை விஜின்தான் பாவம். நித்தம் சாயங்காலம் இவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

“மாமா, ரோமிங் ஆக்கினா மதி. அவிடெப் போய் எறங்கினதும் தன்னால கிட்டும்.”

“தன்னால கிட்டுகதுக்கு அதென்ன காத்தா? சாம்பிள் ஒண்ணு காட்டுடே.”

“நெட்டுக்கு சாம்பிள் இல்ல மாமா.”

“சாம்பிள் இல்லாத சரக்க எப்படிடே நம்பி வாங்குகது?”

விஜின் அன்றைக்குச் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டான். இதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியுமா?

இத்தனை பேரைக் கேட்டவர் ஒரே ஓர் ஆளை மட்டும் கேட்கவில்லை. மஸ்கட்டிலேயே ஆறு வருஷமாக இருக்கிற மருமகன் குற்றாலலிங்கத்தை! கேட்கலாமே என்று பக்கத்து வீட்டில் இருக்கிற நான் சொன்னேன். தாணுவுக்கு முகம் மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. “மருமவன்ட்ட போயி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிக்கச் சொல்லுகியளா? மாமனாருக்கு ஒரு மரியாத வேண்டாமா?” நான் சொல்லச் சொல்ல இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவள் இங்கே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சொன்னதை எழுதட்டும்.

கடைசியில், விமானம் ஏறுகிற அன்று காலையில், புது கேமரா போனில் ரோமிங்கும் நெட் பேக்கும் போட்டுக்கொண்டு போனார். போன நாலாம் நாள் ஆண் குழந்தை. சுகப்பிரசவம். பார்வதியின் போனுக்குத் தாணு கூப்பிட்டார். “படம் அனுப்பியாச்சு. பாத்துக்கோ.” வைத்துவிட்டார்.

போன் ஒரு முறை கிணுக்கென்றது. படம் இல்லை. இங்கிலீஷில் நாலு வரி, ஏதோ நம்பர். பார்வதி போனைத் திருப்பினாள், துடைத்தாள், ஜன்னல் பக்கம் நீட்டினாள். தெருமுனை நெட் சென்டரில் வேலை பார்க்கும் ஜெஸியைக் கூப்பிட்டு வந்தேன். அவள் போனைக் கையில் வாங்கிய உடனே உதட்டைப் பிதுக்கினாள்.

“அத்தே, இது டார்ச் அடிக்கவும் பேசவும் உள்ள போனு. இதுல படமே வராது.”

போகிற போனுக்கு இத்தனை விசாரணை. வருகிற போனைப் பற்றி ஒரு மனுஷன் ஒரு வார்த்தை கேட்டானா?

பார்வதி, “போவட்டு. எனக்கு யோகமில்ல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடுவேனா? “ஜெஸி, வேற வழி என்ன பிள்ளே?”

“அங்க உள்ள அண்ணன் மெயில்ல அனுப்பினா அஞ்சு நிமிஷத்துல பிரிண்ட் எடுத்துத் தருவேன். யாராவது அவருட்ட சொல்லணும்.”

யார் சொல்வது? மகளுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம், மருமகன் வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று “சாப்பிடச் சொல்லு” என்று மகளிடம் சொல்கிறவள் பார்வதி. ஜெஸி நம்பரைப் போட்டு நீட்டினாள். அவள் வாங்கவில்லை. மணி அந்தப் பக்கம் அடிக்கிறது. “ஹலோ” என்று குரல் வந்துவிட்டது. சட்டென்று பிடுங்கிக் காதில் வைத்தாள்.

“மக்கா, நான்தான்… அத்தையாக்கும் பேசுகேன். பிள்ள மொகத்த எனக்குக் காட்டு.”

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பக்கம் குற்றாலலிங்கம் பதறிப்போனான். “அத்தே, படம் எடுத்து கம்ப்யூட்டர்ல தயாரா வச்சிருக்கேன். மாமாதான், ‘நீங்க சிரமப்பட வேண்டாம், எங்க ஏற்பாடு பலமா இருக்கு’ன்னுட்டாரு.”

ஜெஸி ஓடினாள். திரும்பி வந்தபோது தெருவே பின்னால் வந்தது. வழியில் எட்டு பேர் பார்த்துவிட்டார்களாம். பார்வதி அந்தத் தாளை மடியில் வைத்து, ஈரம் காயாத மையில் விரல் படாமல், அரை நாழிகை பார்த்தாள். பிறகு, “மூக்கு மட்டும் அவுகள மாதிரி. போவட்டு, வளரும்போ சரியாயிரும்” என்றாள்.

சாயங்காலம் தாணு கூப்பிட்டார். “படம் வந்துதா? தெளிவா இருக்கா? நான் அப்பமே சொன்னேம்லா, விசாரிச்சு எடுத்ததாக்கும்!” பார்வதி என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். “நல்ல தெளிவா இருக்கு” என்றாள்.

அவர் ஊர் திரும்பியதிலிருந்து கல்ஃபுக்குப் போகிற ஒருவரும் அவருடைய நோட்டைப் பார்க்காமல் போக முடிவதில்லை. வழிமறித்துக் காட்டுகிறார்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? ஒரு கேள்வி. இதைப் படித்துக்கொண்டு வருகையில், ‘அந்த ஊர் சிம்மையே வாங்கியிருந்தால் லாபமாச்சே’ என்று நடுவிலே ஓர் இடத்தில் உங்களுக்குத் தோன்றியதா? பக்கத்தில் இருப்பவரிடம், “அப்பம் நெட் பேக் என்ன ரேட்டு?” என்று கேட்கத் திரும்பினீர்களா? பாதகமில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு அம்மாளிடம் மட்டும் மருமகன் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.