தாராவிடம் சிபாரிசு

“நோமோ, உங்கம்மா முழங்கால் வலிக்கு யாரைக் கூப்பிட்டே?”

“பச்சைத் தாராவை, ஆச்சே.”

“அடிப்பாவி! ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, எந்நேரமும் எழுந்து ஓடத் தயாரா உக்காந்திருக்காளே, அவளை மூட்டு வலிக்கா எழுப்புவே? ஆயுள், ஆரோக்கியம் எல்லாம் வெள்ளைத் தாராகிட்ட. என் பேரைச் சொல்லு.”

“சரி ஆச்சே.”

“பச்சையம்மாவை நான் பத்திரமா வெச்சிருக்கேன். லோசர் புத்தாண்டுக்கு என் பொண்ணு குன்சஸ் டெல்லியிலேருந்து வர்றா. பாத்து மூணு வருஷமாச்சு. அவ விமானம் இறங்கற வரைக்கும் யாரும் பச்சையம்மாவைத் தொந்தரவு பண்ணக்கூடாது!”

இதுதான் பக்கத்து வீட்டு யாங்டோல் ஆச்சே. எங்கள் லடாக்கில் ஆச்சே என்றால் அக்கா; நோமோ என்றால் தங்கை, அதாவது நான். உலகில் பக்தர்கள் உண்டு, நாத்திகர்கள் உண்டு. மூன்றாவதாக, தெய்வத்தின் அலுவலகத்தில் ஆள் தெரிந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தாரா தேவி இருபத்தொரு வடிவம் எடுத்தது உயிர்களைக் கரையேற்றத்தான் என்று புத்த மடத்தில் சொல்வார்கள். ஆச்சேயைக் கேட்டால், இருபத்தொரு துறைகள். மஞ்சள் தாரா நிதி. சிவப்பு, முரண்டு பிடிக்கும் மருமகள்கள். பசு பால் கறக்கவில்லையா, தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதா, பரீட்சையில் கணக்கு வரவில்லையா, வெண்ணெய்த் தேநீரைக் கையில் கொடுத்து, எந்தத் தாரா, எந்த வேளை, எவ்வளவு குழைவாகப் பேச வேண்டும் என்பதுவரை சொல்லி அனுப்புவார். புத்தர்? அவரை ஏன் தொல்லை செய்ய வேண்டும்? பெரிய மனிதர்!

குன்சஸ் வரும் நாள் காலையில் லே முழுக்க மேகம். தலைக்கு மேல் விமானம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மேகம் விலகாவிட்டால் அப்படியே டெல்லிக்குத் திரும்பிவிடும். ஆச்சே மொட்டைமாடியில் நின்று துறைவாரியாக உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்: காற்றுக்கு ஒருத்தி, விமானி மனம் மாறாமலிருக்கச் சிவப்பு.

அவர் கணவர் தொன்யோட் சும்மா இருப்பாரா?

“தாரா காப்பாத்தற எட்டு பயத்துல சிங்கம் இருக்கு, யானை இருக்கு. மேகம் இல்லையே, யாங்டோல்?”

“யானை மாதிரி மேகம்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன். வாயை மூடுங்க!” என்றவர், சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, விடிகாலையில வெள்ளைத் தாராவையும் கூப்பிட்டுட்டேனே! தன் நிறம்னு நினைச்சு மேகத்தை அவளே அனுப்பிட்டாளோ?”

சிரிக்காதீர்கள். போன வாரம் உங்கள் ஊரில், கல்யாணத்துக்கு இந்தக் கோயில், வேலைக்கு அந்தக் கோயில் என்று யாருக்கோ வழி சொன்னது யார்? அங்கே அர்ச்சகர் நமக்கு வேண்டியவர் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது யார்?

விமானச் சத்தம் தேய ஆரம்பித்தது.  ஆச்சே என் கையைப் பிடித்துக்கொண்டார். 

“நோமோ, நீ கேளேன். நான் தினமும் நச்சரிக்கறவ, என் குரல் பச்சையம்மாவுக்குச் சலிச்சிருக்கும். நீ எப்பவாவதுதானே வாயைத் திறக்கறே. நீ கேட்டா, என்னவோ ஏதோன்னு பதறி எழுந்திருச்சுடுவா.”