ஓட்டை முதலாளியிடம் வாங்கிய கரி அடுப்பு

வாங்க வந்தவர்களை விரட்டியே வியாபாரம் நடத்திய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருடைய கடை ஹட்டன் பஜாரில் இருந்தது. ஊருக்குக் கப்பலேறும் வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்பார். ஆனால் விலையைச் சொல்வதற்கு முன்பே அதிலுள்ள ஓட்டை உடைசலையெல்லாம் ஒப்பித்துவிடுவார். அதனால் 'ஓட்டை முதலாளி' என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அங்கே கட்டில் வாங்கப் போனார். "இதுல படுத்தா முதுகு போயிரும், நான் படுத்துப் பார்த்துட்டேன்" என்ற எச்சரிக்கையோடு வெறுங்கையாகத் திரும்பினார்.

நான் அப்போது கொட்டகலைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகள் பிறந்து இருபது நாள். விடாத மழை. துணி காயவில்லை, குழந்தையின் கை கால் சில்லிட்டுக் கிடந்தது. துரைமார் இறைச்சி வாட்டும் கரி அடுப்பு ஒன்று ஓட்டை முதலாளியிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன்.

"அத ஏங்க பாக்குறீங்க? ஒரு காலு கட்டை. கம்பியெல்லாம் துரு. தொர இதுல பன்னி வாட்டுனவரு. நீங்க சைவமா?"

"இல்லீங்க."

"அப்ப அந்தக் கொறை இல்ல" என்றார் ஏமாற்றத்தோடு. "எதுக்கு வாங்குறீங்க?"

"கைப்புள்ள இருக்குங்க. உள்ளுக்க வச்சு மூட்டி, காத்து நுழையாமக் கதவச் சாத்திக்கிட்டா..."

அவர் முகம் மாறியது. "குடுக்க முடியாது. போங்க."

கெஞ்சினேன், கோபித்தேன். கடைசியில், கொட்டகலைத் தோட்டத்து வாத்தியார் வாக்கு, வெளியேதான் வைப்பேன் என்று பொய்ச் சத்தியம் செய்து வாங்கிவிட்டேன்.

வீட்டில் இறக்கி அரை மணி ஆகவில்லை. ஓட்டை முதலாளி அடுத்த பஸ்ஸில் வந்து, வாத்தியார் வீடு எதுவென்று விசாரித்து, சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலில் நின்றார். அறைக்குள் இருந்த அடுப்பைப் பார்த்தார். மடியிலிருந்து திருப்புளியை எடுத்துக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பையில் போட்டார். ஜன்னல் கொக்கியும் போயிற்று.

"என்னங்க அநியாயம்! சாமான வித்துட்டு எங்க வீட்டையே கழட்டுறீங்களே!" என்று கத்தினேன்.

"எங்கண்ணனும் அண்ணியும் பூண்டுலோயாவுல இப்படித்தான் கதவச் சாத்திக்கிட்டுக் கரி மூட்டுனாங்க, வாத்தியாரய்யா. தீ ஒண்ணும் புடிக்கல. கரிப்பொகைதான் கொன்னுடுச்சு. காலையில ரெண்டு பேரும் எந்திரிக்கல."

என் மனைவி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். நானே அடுப்பைத் தூக்கி வெளித் தாழ்வாரத்தில் வைத்தேன். அவர் அங்கே குந்திக் கரி மூட்டி, குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேலே பிடித்து உலர்த்தி, சூடாக மடித்து நீட்டினார்.

"இந்தத் துணியும் கொஞ்சம் கிழிசல்தாங்க" என்றார்.

அந்த மழை மாதம் முழுக்க அடுப்பு தாழ்வாரத்திலேயே எரிந்தது. குழந்தையும் தேறியது, நாங்களும் உயிரோடு இருந்தோம்.

அதன்பிறகு பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம், என் மனைவி மகளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைப்பாள். கடை பூட்டியிருந்தாலும்கூட.