மதிவதனி இருபத்துமூன்று பெயர்களை மீட்ட படலம்

வாழ்க, நன்னிலத்து நங்கை! ஆறு பரீட்சை அரியரில் நான்கை வீழ்த்திய ஆற்றலாள், சி எனும் கணினி மொழி ஒன்றே கற்றுத் துணிந்த செல்வி, தியாகராசனார் தவப்புதல்வி மதிவதனி வாழ்க! முடிகொண்டான் ஆறே, அவள் பட்ட பாட்டுக்கு நீயே சாட்சி.

தை மாதத்துச் சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து, கீழ்வானில் கருமேகம் படைதிரட்டி நின்ற அந்நாளில், அப்சர் பாயின் அறுவடை மெஷின் ஊருக்குள் எழுந்தருளிற்று. எவர் வயல் முந்தி, எவர் வயல் பிந்தி? போன வருஷம் முறை எழுதிய நோட்டில் எவனோ தாளையே கிழித்துவிட்டான். ஆகவே, "கம்ப்யூட்டரு சொல்லட்டும்ப்பா, அதுக்கு மாமன் மச்சான் கெடையாது!" என்று ஊர் தீர்ப்பளித்தது.

லேப்டாப்பைத் திறந்தாள் வீராங்கனை. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமையால், ஆள் வரவர நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கி நீளும் பெயர்வரிசையொன்றைச் சமைத்தாள். வந்தவர் பெயரை வந்த வரிசையில் தட்டினாள்; ஊர்ப்பழி வரக்கூடாதே என்று அப்பா பெயரைக் கடைசியில் தட்டினாள். பட்டியல் திரையில் வந்தது.

ஐயகோ! முதல் முறை தியாகராசன். இரண்டாம் முறை தியாகராசன். இருபத்துமூன்றாம் முறைவரை தியாகராசனே!

விடிந்ததும் முதல் ஆளாய் வந்து பெயர் கொடுத்திருந்த ரெமிஜியஸ் வெகுண்டெழுந்தார்: "ஏம்மா, ஊரு நெல்லு பூரா உங்கப்பாவுக்கா வெளஞ்சிருக்கு? நல்லாருக்கும்மா ஒன் நாயம்!"

தியாகராசன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அப்பனை ஊர் திருடனென்று சொல்லிவிடுமோ என்று அஞ்சினாள். எழுதிய நிரலை வரிவரியாகத் துழாவினாள். சண்டாளப் பிழை அகப்பட்டது! இருபத்துமூன்று பேருக்கும் நினைவகத்தில் ஒரே வீட்டின் முகவரியைக் கொடுத்திருந்தாள். புதுப் பெயர் குடிவரக் குடிவரப் பழைய பெயர் வெளியேறி, கடைசியில் தங்கியவர் அப்பா மட்டுமே.

எடுத்தாள், நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மாலாக் கட்டளை எனும் வில்லை! பெயருக்கொரு தனியிடமாக, அதன் நீளத்துக்கு மேல் முடிவுக்குறிக்கென ஒரு பைட் கூட்டி, அளந்து வாங்கினாள். ஊரார் கண்ணெதிரே ஒவ்வொரு பெயரையும் மறுபடி தட்டி, நகலெடுத்து, அதனதன் இடத்தில் அமர்த்தினாள். ரெமிஜியஸ் முதலாக, நாகம்மாள் அடுத்ததாக, தியாகராசன் ஈறாக இருபத்துமூன்று பெயரும் அணிவகுத்து நின்றன!

"பொண்ணு நாயமான பொண்ணுதான்ப்பா!" என்று ரெமிஜியஸ் முழங்க, அப்சர் பாய் ஆரனைச் சங்கென ஊத, வயற்களம் புகுந்தது மெஷின்.

இருபத்திரண்டாவது வயல் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, அப்பா ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை.