மைனஸ் முப்பதில் ஒரு பசுமைப் பதக்கம்

குளிரை வென்ற மகான்கள் உலகில் இருவர். முதலாமவர், நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதர். இரண்டாமவர், மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில் நூர்டீன் ஏரிப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளராக வீற்றிருக்கும் டாக்டர் கர்ட்டிஸ் ப்ரான்வால்ட். ஆதிமனிதருக்குக் குழு கிடையாது, தீர்மானம் கிடையாது, கூட்டக் குறிப்பும் கிடையாது. அந்த நிலைமையில் அவர் நெருப்பு மூட்டியதே பெரிய விஷயம் என்று டாக்டர் பெருந்தன்மையோடு சொல்வார்.

மாவட்டத்தின் எட்டுப் பேருந்துகளும், சோயா எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளை இருபது சதவீதம் கலந்த டீசலில் ஓடின. கோடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகை குறைவு, தெருவெல்லாம் உருளைக்கிழங்கு வறுத்த வாசனை. பனிக்காலம் வந்தால்தான் அந்த எண்ணெய் முதலில் கலங்கும், பிறகு மெழுகாகும், பிறகு வடிகட்டியை அடைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிடும். அதனால் மற்ற ஊர்களில் பனிக்காலத்துக்கு இருபதை ஐந்தாகக் குறைத்து, மண்ணெண்ணெய் போன்ற லேசான டீசலைக் கூட்டிக்கொள்வார்கள். ஆனால் பனிக்காலத்திலும் இருபதை விடாத மாவட்டத்துக்கு மாநிலம் ஒரு 'பசுமைப் பதக்கம்' தருகிறது. அதை மாட்டுவதற்கான ஆணி டாக்டரின் அறையில் ஏப்ரல் மாதமே அடித்தாகிவிட்டது.

பேருந்துக் கொட்டகை மெக்கானிக் வெர்லின் டோஸ்ட்ருட்டுக்கு ஆணியைப் பற்றி அக்கறை இல்லை. அவருடைய கவலையெல்லாம் ஆறாம் எண் பேருந்து. அதுதான் ஏரிக்கு அப்பால் போவது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலு மைல் காடு. பதினொரு பிள்ளைகள் ஏறுவார்கள். ஓட்டுவது அவர் மனைவி ஆர்டிஸ்.

நவம்பரில் 'குளிர்காலத் திரவ ஓட்ட மேம்பாட்டுக் குழு' கூடியது. தலைநகரிலிருந்து கிப் லுண்டீன் என்ற ஆலோசகர் வந்து திரையில் வண்ணப் படங்கள் காட்டினார்.

“மைனஸ் முப்பதுல இது கெட்டியாயிடும்,” என்றார் வெர்லின்.

“கெட்டியாகாதுங்க,” என்றார் கிப். “'ஓய்வு நிலைக்கு'ப் போகும்.”

“ஓய்வு நிலைக்குப் போனா பஸ் ஓடுமா?”

“ஓய்வா ஓடும்.”

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

“பாதிக்குப் பாதி லேசான டீசல் கலந்துடுங்க டாக்டர்,” என்றார் வெர்லின். “கெட்டியாகாம இருக்க ஒரு மருந்து விக்கிறான், எண்ணெய் கலங்குறதுக்கு முன்னாடியே அதையும் ஊத்தணும். கலங்கினதுக்கு அப்புறம் ஊத்துறது, செத்தவனுக்கு இருமல் மருந்து குடுத்த மாதிரி.”

“பாதிக்குப் பாதின்னா நம்ம இருபது பத்தாயிடுமேப்பா! பதக்கத்தையும் பாதியா உடைச்சா குடுப்பாங்க?”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு லேசான டீசல் தோற்றது, மருந்து மட்டும் ஜெயித்தது. “சரி, அப்படியும் பண்ணலாம்தான்,” என்றார் வெர்லின். நூர்டீன் ஏரியில் ஒரு மனிதன் இதைவிடக் கடுமையாக எதிர்க்க முடியாது. 'மெக்கானிக் மனமுவந்து ஆதரித்தார்' என்று குறிப்பு எழுதப்பட்டது.

மருந்து ஒரு வாளியில் வந்தது. கணக்காக எட்டுக் குவளை. முழு அளவு விழுந்தால் ஏதோ தப்பித்துக்கொள்ளலாம் என்று வெர்லின் நினைத்தார். 'பஸ்ஸுக்கு ஒரு குவளை. நிறைய!' என்று எழுதி வாளியில் ஒட்டினார். வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டுநர்கள் டீசல் நிரப்பும்போது பக்கத்தில் நிற்கவும் நினைத்தார். ஆனால் திங்கட்கிழமை நடக்கவிருந்த பதக்க விழாவின் ஒத்திகைக்கு அழைப்பு வந்துவிட்டது. மாநில அதிகாரியாக நடிக்க ஆள் வேண்டுமாம்.

நூர்டீன் ஏரிக்காரர்களின் நாகரிகத்தை இங்கே போற்றியே ஆகவேண்டும். நாலு பேர் பார்க்க யாரும் தன் பங்கை முழுசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தட்டில் கடைசிக் கேக்குத் துண்டு கிடந்தால் பாதியாக வெட்டி ஒரு பாதியை விட்டுவைப்பார்கள். அடுத்தவர் அதில் பாதியை. பொடியாகும்வரை அந்தத் தட்டு காலியாகாது.

முதலில் வந்த ஓட்டுநர் ஹார்லன் அரைக் குவளை மொண்டார். “நமக்கு எதுக்குங்க முழுக் குவளை? பின்னாடி வர்றவங்க இருக்காங்களே.”

ஹார்லனே அரைதான் என்றால் அடுத்தவர் முக்காலா எடுப்பார்? கால் குவளையோடு நகர்ந்தார். மூன்றாமவர் அரைக்கால். ஆர்டிஸின் முறை வந்தபோது அவளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சங்கடம்.

“மெக்கானிக் பொண்டாட்டி அள்ளிட்டுப் போயிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது,” என்று சொல்லி, இரண்டே ஸ்பூன் விட்டாள்.

எட்டாமவர் மூடியை நனைத்ததோடு சரி.

திங்கட்கிழமை காலை பள்ளி விளையாட்டரங்கில் வெர்லின் ஏணியில் நின்று வரவேற்புப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் துள்ளிக் குதிக்காத குறையாக வந்தார்.

“எட்டு பஸ்ஸும் கிளம்பியாச்சு வெர்லின்! அந்த வாளியப் பாத்தியா? முக்கால்வாசிக்கு மேல அப்படியே இருக்கு! சிக்கனத்துக்கு ஏதாவது பதக்கம் உண்டான்னு கிப்கிட்ட விசாரிக்கச் சொல்லிருக்கேன்.”

வெர்லின் பதாகையை அப்படியே விட்டார். இறங்கி வயர்லெஸ்ஸுக்கு ஓடினார். அதற்குள் அதுவே கூப்பிட்டது.

“ஆறாம் நம்பர் ஆர்டிஸ் பேசுறேன். பஸ் நின்னுடுச்சு. அவசரமில்ல, உனக்கு ஒழியும்போது வா.”

“ஒழியும்போதா? அங்க எவ்வளவு குளிரு?”

“மைனஸ் முப்பத்தொண்ணு. இதைவிட மோசமாவும் இருந்திருக்கு. பாட்டுப் பாடிட்டு இருக்கோம். கடைசி சீட்டுப் பொண்ணுக்கு விரல் மரத்துப்போச்சு, என் கையுறையை மாட்டிவிட்டேன்.”

“அப்ப உன் கை?”

“கையில என்ன இருக்கு.” குரல் நடுங்கியது. “வெர்லின், கொஞ்சம் சீக்கிரமாவே ஒழிச்சுக்கோயேன்.”

முப்பது வருட மணவாழ்க்கையில் ஆர்டிஸ் அவரிடம் 'சீக்கிரம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வயர்லெஸ்ஸில் மற்ற ஓட்டுநர்களும் வரிசையாக வந்தார்கள். “நாங்களும் நின்னுட்டோம், மூணாம் நம்பரை முதல்ல பாருங்க.” “ஐயோ, வேண்டாங்க, நாங்க ஒரு பண்ணை வீட்டுல அடை தின்னுட்டு இருக்கோம், அஞ்சைப் பாருங்க.” “அஞ்சுக்கென்ன அவசரம், ஏழைப் பாருங்க.” வெர்லின் யாரையும் கேட்கவில்லை. தன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆறுக்குப் பறந்தார்.

அவருக்கு முன்னால் அங்கே ஒரு டிராக்டர், பின்னால் வைக்கோல் வண்டியோடு கடகடவென்று நின்றது. அந்த நவம்பர் குழுவின் தலைவர், பெரும் சோயா விவசாயி மில்ஃபோர்ட் அமுண்ட்ருட், பிள்ளைகளை வைக்கோலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“உங்க டிராக்டர் மட்டும் எப்படிங்க ஓடுது?”

“நான் லேசான டீசல்தானேப்பா ஊத்துறேன்,” என்றார் அமுண்ட்ருட் கள்ளமில்லாமல். “சோயா நான் விக்கிறது.”

எட்டரை மணிக்கு விழா குறித்தபடி தொடங்கியது. கிப் திரையில் ஒரு படம் காட்டினார்: இன்று காலை ஏழேகால் முதல் மாவட்டப் பேருந்துகள் வெளியிட்ட புகை, பூஜ்யம். மாநிலத்திலிருந்து வந்த அதிகாரி அம்மையார் அசந்துபோனார். இப்படி ஒரு சாதனையை அவர் எந்த மாவட்டத்திலும் பார்த்ததில்லை. பதக்கம் டாக்டரின் கோட்டில் ஏறியது. அரங்கமே கைதட்டியது.

அந்த நேரம் பார்த்துத் தலையெல்லாம் வைக்கோலோடு பதினொரு பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். பின்னால் வெர்லினும், கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்ட ஆர்டிஸும்.

“இதோ நம்ம மெக்கானிக்!” என்று டாக்டர் மைக்கை நீட்டினார். “ரெண்டு வார்த்தை பேசுப்பா.”

“ஒரே ஒரு கேள்விதான் டாக்டர். உங்க பொண்ணு இன்னைக்கு எதுல வந்தா?”

டாக்டர் தொண்டையைச் செருமுவதற்குள் முதல் வரிசையிலிருந்து அவர் மகளே எழுந்து பெருமையாகச் சொன்னாள்: “கார்லதான்! நாங்க எல்லாருமே கார்லதான் வந்தோம். சீட்டுகூட சுடச்சுட இருக்கும்!”

எல்லாரும் என்றால் எல்லாரும்தான். மற்ற பேருந்துப் பிள்ளைகள் இன்னும் வழியிலேயே; அரங்கில் இருந்த நாற்பது பிள்ளைகளும் குழுவினர் வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் தெருப் பிள்ளைகள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

வாசலோரம் நின்ற பதினொரு பேர் மட்டும் கைதட்டவில்லை. மரியாதை தெரியாத பிள்ளைகள் அல்ல; விரல்கள் இன்னும் மடங்கவில்லை.