வாசல்ல நெல்லு, வீட்டுக்குள்ள மழை

அன்னிக்கு எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, ஒரே கதையை வெச்சு எடுத்த ரெண்டு படத்தைப் பாத்து எது உசத்தின்னு எழுதணும். இன்னொண்ணு, அக்காவோட நெல்லைப் பாத்துக்கணும்.

ரெண்டும் உக்காந்த எடத்துல செய்யுற வேலைன்னு நெனச்சேன்.

டிவிடி வந்த புதுசு. தஞ்சாவூர்ல நாங்க பத்து பேர் ஃபிலிம் சொசைட்டி வெச்சிருந்தோம். சப்டைட்டில் இல்லாத படத்தை மதிக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான் பேசணும்.

மூலப் படம் ஏதோ ஒரு பனி நாட்டுல எடுத்தது. கறுப்பு வெள்ளை, மூணு மணி நேரம். வேற கிரகத்துல தனியா மாட்டிக்கிட்ட ஒருத்தன் ஊருக்குச் சேதி அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருக்கான். அவ்வளவுதான் கதை. அதையே அமெரிக்காவுல திரும்ப எடுத்தப்ப, காத்திருக்குறவன் கையில துப்பாக்கியைக் குடுத்துட்டாங்க. தமிழ்ல டப்பிங் வேற.

எது உசத்தின்னு பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். எங்க சங்கத்துல எல்லாரும் அப்படித்தான்.

அக்கா வீடு கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம். மாமா சவூதியிலேருந்து லீவுல வந்தப்ப ஒரு ஹோம் தியேட்டரைக் கொண்டாந்து வெச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அதுல சீரியல்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சீரியல் மாமியார் அழுதா அஞ்சு ஸ்பீக்கர்லயும் அழுவாங்க.

அதுல ரெண்டு படம் பாத்துக்கட்டுமான்னு அக்காகிட்ட கேட்டேன்.

"தாராளமா பாரு. ஆனா வாசல் ரோட்டுல நெல்லு காயுது. நாளைக்குக் கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போவணும். நான் கும்பகோணம் போயி சாக்கு வாங்கிட்டு வந்துர்றேன். அப்பப்ப எந்திரிச்சுக் காலால கிளறி விடு. வானம் கறுத்தா தார்ப்பாயைப் போட்டு மூடு. செய்வியா?"

"என்னக்கா, நான் என்ன சின்னப் புள்ளயா?"

"அதான் பயமா இருக்கு"ன்னுட்டு பஸ் ஏறிட்டா.

அது சாதாரண நெல்லு இல்ல. மாமா ஏழு வருஷம் வெயில்ல வெந்து வாங்குன நெலம். மாமாவோட அப்பா கூலிக்கு அறுத்த அதே வயல். சொந்தமா வெளைஞ்ச மொதல் குறுவை அது. அக்கா ராத்திரி எந்திரிச்சு வந்து அதைத் தொட்டுப் பாத்துட்டுப் போவா.

நான் உலக சினிமாவுக்குத் தோதா அறையைத் தயார் பண்ணேன். கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினேன். பின்பக்கம் வெக்க வேண்டிய ரெண்டு ஸ்பீக்கருக்கு எடமில்ல. தெருப்பக்கத்து ஜன்னல்ல, போர்வைக்கு அந்தப் பக்கம் வெச்சேன்.

படம் ஆரம்பிச்சுது. அவன் உக்காந்திருந்தான். இருவது நிமிஷம் உக்காந்திருந்தான். நானும் உக்காந்திருந்தேன்.

அப்புறம் அந்தக் கிரகத்துல மழை. ஒரே ஷாட், பன்னெண்டு நிமிஷம்; அந்தக் காட்சியைப் பத்தி முன்னாடியே படிச்சு வெச்சிருந்தேன். வால்யூமை ஏத்தினேன்.

"ஏ... மழை! மழை வருதுடா!"

வெளியில ஒரே கூச்சல். எங்க பக்கம் மழைச் சத்தம் கேட்டா யாரும் வானத்தைப் பாக்க மாட்டாங்க, நெல்லைத்தான் பாப்பாங்க. யார் வீட்டு நெல்லுன்னும் பாக்க மாட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க எச்சக் கையோட ஓடியாந்து, நிமிஷத்துல மொத்தத் தெருவையும் கூட்டிக் குவிச்சு மூடிட்டாங்க.

மூடுன பொறவுதான் நிமிந்து பாத்திருக்காங்க. வெயில் மண்டையைப் பொளந்துச்சு.

கதவைத் தட்டுனது எதிர்வீட்டுக் கலியபெருமாள் அண்ணன்.

"ஏந்தம்பி, உள்ள மழை பெய்யுதா?"

"படம்ண்ணே. சயின்ஸ் ஃபிக்‌ஷன்."

"எவ்வளவு நேரம் பெய்யும்?"

"பன்னெண்டு நிமிஷம்."

"நின்ன பொறவு?"

"அவன் ஜன்னலைச் சாத்துவான்."

"அப்புறம்?"

"திரும்ப உக்காந்துருவான்."

அண்ணன் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. "இதுக்கா இம்புட்டுப் படிச்ச? உன் படம் முடியுற வரைக்கும் நான் தார்ப்பாயைப் பிரிக்கிறதா இல்லப்பா. எனக்கு இடுப்பு வலி."

தெருவுல எல்லாரும் அதையே சொல்லிட்டாங்க. நான் மட்டும் கடமை தவறாம அக்கா நெல்லைத் தொறந்து மறுபடியும் பரப்பி விட்டேன். அவ்வளவு பொறுப்பு!

அந்தப் படத்துல இன்னும் ரெண்டு மழை இருந்துச்சு. ரெண்டாவதுக்கு நாலு பேர் ஓடியாந்து என்னை வஞ்சுட்டுப் போனாங்க. மூணாவதுக்கு ஒருத்தரும் வரல.

அடுத்தது அமெரிக்கப் படம். மொத நிமிஷத்துலயே வெடி. சிலந்தி மாதிரி ஒரு ஜந்துவை ஹீரோ சுட்டுக்கிட்டே, "டேய், இது என் ஏரியா!"ன்னான். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. நோட்டுல எழுதினேன்: 'மௌனத்தைக் கொன்றுவிட்டார்கள்.'

பாதிப் படத்துல, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவுல, மெல்லிசா ஒரு மழைச் சத்தம். அடடா! மறுபடி எழுதினேன்: 'மூலப் படத்துக்கு மரியாதையாகப் பின்னணியில் மழை. பாராட்டத்தக்கது.'

இடி இடிச்சுது. 'ஒலிப்பதிவு துல்லியம்.'

கொஞ்ச நேரத்துல மண்வாசனை.

மாமா வாங்குன ஸ்பீக்கரை நெனச்சு மெய்மறந்து போயிட்டேன். சவூதி சாமான் சவூதி சாமான்தான்யா!

அப்ப கரண்டு போச்சு. டிவி அணைஞ்சுது. மழை மட்டும் நிக்கல.

வெளியில ஓடினேன். தெரு முழுக்க நெல்லு மூடிப் பத்திரமா இருக்கு. நடுவுல அக்கா நெல்லு மட்டும் தண்ணியில மெதக்குது.

"மழை! மழை! ஓடியாங்க!"

எதிர்வீட்டுக்குள்ளேருந்து கலியபெருமாள் அண்ணன் குரல்: "நாலாவது தடவையா? ஜன்னலைச் சாத்துன்னு அவன்கிட்ட சொல்லுப்பா!"

"அண்ணே, இது நெச மழைண்ணே!"

அவரு ஜன்னல் வழியா கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புனாரு. நம்புன பொறவு இடுப்பு வலியோட ஓடியாந்தாரு. தெருவே வந்துச்சு. வாருனதுல பாதி நெல்லு, பாதி சேறு.

அக்கா பஸ்ஸை விட்டு எறங்குனப்ப நான் ஈரத் தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ திட்டவே இல்ல. குத்த வெச்சு உக்காந்து, ஒரு கை நெல்லை அள்ளிப் பொத்திப் பாத்தா. கண்ணு கலங்குச்சு. எனக்கு ஒரு அறை விட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. "ஈரப்பதம் ஜாஸ்தி. காய வெச்சு எடுத்துட்டு வாங்க." வெயிலு எங்க வருது? ஒரு வாரம் கூடத்துல ஃபேனுக்கு அடியில பரப்பி, அக்காவும் நானும் மாத்தி மாத்திக் கிளறினோம். கால்வாசி மொளைச்சே போச்சு.

நடுவுல மாமா போன் பண்ணாரு. நெல்லைப் பத்தி அவருகிட்ட மூச்சு விடாத அக்கா, ஸ்பீக்கரைப் பத்திக் கேட்டதும் என்னைப் பாத்துக்கிட்டே சொன்னா: "ரொம்பத் தத்ரூபங்க. தம்பி அசந்து போயிட்டான்."

ஞாயித்துக்கிழமை கூட்டம். கால் நகத்துல இன்னும் உமி. பேசி முடிச்சதும் தலைவர் கண்ணை மூடிக்கிட்டு ஒரு கேள்வி கேட்டாரு: "மூலப் படத்துல அந்த நீண்ட மழை, எதைக் குறிக்குதுன்னு நினைக்கிறீங்க?"

"ஈரப்பதத்தைங்க"ன்னேன். நாலு பேரு நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க.